புடவை நீளமானால் உயரத்தைப் பாருங்கள்

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெறுவது கிரிக்கெட்காரர்களுக்குத்தான் பொருந்தும். இருந்தாலும் எனக்கும் ஒரு வழியனுப்பு விழா நடத்தி, கேக் வெட்டி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது குழந்தை வரப்போகிறது, மூத்தவன் எல்கேஜி, சமாளிக்க முடியவில்லை, வேலையை விடுகிறேன் என்று சொன்னபோது ஒருவராவது 'வேண்டாமே' என்பார் என எதிர்பார்த்தேன். எல்லோரும் உடனே புரிந்துகொண்டார்கள். இவ்வளவு புரிதல் உள்ள இடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இனி மருத்துவமனையின் அந்த உணவு ஆலோசனை அறை, புதிதாக வரும் உங்கள் இருவருடையது. பலகையில் அப்படி எழுதியிருப்பதால் அறை என்கிறேன். மாடிப்படிக்குக் கீழே, எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் உயரம் அளக்கும் கோல். அந்தக் கோலின் மேல் யாராவது மருந்துக் கம்பெனிக் காலண்டரை மாட்டியிருப்பார்கள். முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

போகிறவள் வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டுமாம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. வீட்டைப் பூட்டினேனா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். பையனுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு தெர்மாமீட்டரில் பார்ப்பேன். இரண்டும் ஒன்றையே சொன்னால் இரண்டையும் சந்தேகப்படுவேன். இப்படிப்பட்டவள் மற்றவர்களுக்கு வழிகாட்டுவது நியாயமா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொண்டுவிட்டேன். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எலும்புத் தேய்மானத்தைப் பற்றி நம்மிடம் வரும் அம்மாக்களுக்கு நாம் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. எல்லாம் தெரிந்துதான் வருகிறார்கள். கேழ்வரகுக் கஞ்சி, பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நமக்கே வாசித்துக் காட்டுவார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரை மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் பிரிக்கப்படாமல் பத்திரமாக இருக்கும். சாப்பிடுகிற சிலரும் அதை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து, காபியில் விழுங்கி, ஒரே வாயில் இரண்டையும் வீணாக்கும் திறமை பெற்றவர்கள். உடம்பில் வெயில் படுகிறதா என்று கேட்டால், சென்னையில் இருந்துகொண்டு இது என்ன கேள்வி என்பார்கள். முகப்பேர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெயில் முழுதாகக் கிடைப்பது கீழே நிற்கும் காருக்கு மட்டும்தான். மூன்றாவது மாடியில் திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பவர்களின் ரத்தத்தில் டி வைட்டமினைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்போம். சொல்லி முடிப்பதற்குள் அச்சடித்த தாளை நீட்டுவோம். அடுத்தவரைக் கூப்பிடுவோம். தாள் அழகாக இருக்கும். நான்கு வண்ணம்.

இந்தத் தாளை நீட்டப் போன ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கஸ்தூரி அம்மா சென்னை பாடிப் பகுதிக்காரர். அறுபத்து நான்கு வயது. கணவர் ஏழுமலை அங்கேயே ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர்; அவருடையது உண்மையான ஓய்வு. ஒரே மகள் நித்யா, அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி, கணவனோடு அமெரிக்காவில் டாலஸில் இருந்தாள். அந்தச் சனிக்கிழமைக்கு ஒன்றரை வருடம் முன் கஸ்தூரி அம்மா குழாயடியில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டை உடைத்துக்கொண்டு நம் மருத்துவமனைக்கு வந்தார். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைகிறதே என்று பெரிய டாக்டர் எலும்பு அடர்த்தியைப் பார்த்தார். மோசமாக இருந்தது. வாரம் ஒருமுறை மாத்திரை கொடுத்தார், நெஞ்செரிச்சல் தாங்கவில்லை. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை ஆரம்பித்தார்.

அந்த ஊசியின் குணத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டிருக்கும் வரை எலும்பு கரைவதைப் பிடித்து நிறுத்தும். டாக்டரைக் கேட்காமல் நாமாக விட்டுவிட்டால், அதுவரை அடங்கிக் கிடந்த கரைதல் மொத்தமும் சேர்ந்து திரும்பி வரும். முதுகெலும்புகள் நசுங்கலாம். இதை டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னார், நானும் சொன்னேன். கஸ்தூரி அம்மா மூன்று பேருக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். தலையாட்டல் என்பது நாம் பேசி முடித்துவிட்டோம் என்பதற்கான ஒப்புகை மட்டுமே. இதை நான் கற்றுக்கொள்ள எட்டு வருடம் ஆயிற்று. உங்களுக்கு இலவசம்.

அந்தச் சனிக்கிழமை கணவனும் மனைவியும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போல வந்தார்கள். நித்யாவுக்கு எட்டாவது மாதம். அடுத்த வாரம் விமானம். அமெரிக்காவில் கஸ்தூரி அம்மா என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். பெரிய டாக்டர் அறுவை அரங்கில் யாருடைய இடுப்பையோ மாற்றிக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவில் நிற்க இடமில்லை. ஏழுமலை கையில் போன். அதில் வீடியோவில் நித்யா. அவளும் கேட்க வேண்டுமாம்.

கஸ்தூரி அம்மா உள்ளே வரும்போது வாசலில் கொசுவம் காலில் மிதிபட்டு லேசாகத் தடுமாறினார்.

"இப்பல்லாம் பொடவைய நீளமா நெய்யறானுங்க மேடம். பழைய பொடவ கூட தரையில இழுக்குது" என்றார்.

ஏழுமலை விடவில்லை. "தொவைக்க தொவைக்க நீளுது போல. அமெரிக்கா போறதுக்குள்ள இன்னும் ரெண்டு மொழம் வந்துரும்."

எல்லோரும் சிரித்தோம். போனுக்குள் நித்யாவும் சிரித்தாள். அங்கே கேழ்வரகு கிடைக்குமா, இல்லாவிட்டால் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாமா என்று ஏழுமலை கேட்டார். அங்கே எல்லாம் கிடைக்கும், அம்மா வந்தால் போதும் என்றாள் நித்யா. நான் தாளில் பால், தயிர், முட்டை, நெத்திலிக் கருவாடு என்று குறித்துக்கொண்டே போனேன். கருவாட்டை விமானத்தில் விடுவார்களா என்று அடித்துவிட்டேன். அங்கே கடையில் கிடைக்கலாமே என்று மறுபடி எழுதினேன்.

அப்போதுதான் அந்தப் பேச்சு மனதில் திரும்பி வந்தது, பூட்டாத கதவு மாதிரி. புதுப் புடவையை நீளமாக நெய்வார்கள். பழைய புடவை எப்படி நீளமாகும்?

எழுந்து நில்லுங்கம்மா என்று சுவர்ப் பக்கம் கூட்டிப் போனேன். கோலின் மேல் காலண்டர். கழற்றிவிட்டு அளந்தேன். முதன்முறை வந்தபோது இருந்த உயரத்தைவிட இரண்டு விரற்கடை குறைவு. முதல் அளவை நான் நம்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மறுபடி அளந்தேன். புடவை வளரவில்லை. உள்ளே இருந்தவர் குறைந்திருந்தார்.

முதுகு வலிக்கிறதா என்று கேட்டேன். கஸ்தூரி அம்மா போனைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். கடைசி ஊசி எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்றேன். அதற்கு ஏழுமலை போனைப் பார்த்தார். பொங்கலை ஒட்டிப் போட்டிருக்க வேண்டியது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது சித்திரையில்.

"வத்தல் வடகம் போடறது, பெத்தவளுக்கு மருந்து இடிக்கறதுன்னு வேல சரியா பூட்ச்சு மேடம். ஊருக்கு போயிட்டு வந்து ரெண்டையும் சேத்து போட்டுக்கலாம்னு உட்டுட்டேன்."

மின்கட்டணத்தைக்கூட அப்படிச் சேர்த்துக் கட்ட முடியாது. வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. தாளில் எழுத ஒன்றும் ஓடவில்லை, அதனால் இருக்கலாம்.

"அங்க போய் என்ன வேலைம்மா செய்வீங்க?"

சமைப்பேன் என்பார், அடுப்படியில் அதிகம் நிற்காதீர்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சமையலை மாப்பிள்ளையே பார்த்துக்கொள்வாராம். கஸ்தூரி அம்மா போவது குழந்தையைக் குளிப்பாட்ட. அவர்கள் தெருவில் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் முதல் சில மாதக் குளியல் அவர் காலில்தான் என்று ஏழுமலை பெருமையாகச் சொன்னார். அழுகிற குழந்தையும் அவர் காலில் போட்டால் தூங்கிவிடுமாம். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்துவிட்டுச் சொந்தப் பேத்திக்கோ பேரனுக்கோ செய்யாமல் இருப்பதா?

கேட்டுக்கொண்டே பேனாவை மூடி வைத்தேன். என் பையனை என் அம்மா குளிப்பாட்டியபோது பக்கத்தில் நின்று, தண்ணீர் சூடா, காதில் போகிறதா என்று கவலைப்பட்டதுதான் என் பங்கு. ஆனால் அந்த உட்காரும் விதம் கண்ணில் இருக்கிறது. தரையில் மணைபோட்டு, இரண்டு காலையும் நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைப் படுக்க வைத்து, முதுகை வில்லாக வளைத்து, ஒரு கையில் பிடித்து மறு கையால் தண்ணீர் மோந்து ஊற்றுவது. தேய்ந்த முதுகெலும்பை நசுக்குவதற்கென்றே ஒரு பயிற்சியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் இதைவிடச் சிறந்த ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. நம் நான்கு வண்ணத் தாளில் இது இல்லை. எழுதியவர்கள் யாரும் யார் காலிலும் கிடந்து குளித்தவர்கள் இல்லை போலிருக்கிறது.

எப்படி உட்காருவீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்குள் கஸ்தூரி அம்மா தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, என் கைப்பையை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டார். குனிந்து அதன் முதுகைத் தேய்த்தார். குப்புறத் திருப்பினார். இல்லாத தண்ணீரை ஊற்றினார். என் கைப்பைக்கு வாழ்நாளில் அப்படி ஒரு கவனிப்பு கிடைத்ததில்லை.

பிறகு நிமிரப் பார்த்தார். முடியவில்லை.

மேசைக்காலைப் பிடித்த கை மட்டும் இறுகியது. நெற்றியில் வியர்த்தது. ஏழுமலை கையில் இருந்த போன் இன்னும் அவரைப் பார்த்தபடியே இருந்தது. அம்மா ஏன் பேசவில்லை என்று நித்யாவின் குரல் கேட்டது.

ஏழுமலை கையைப் பிடித்துத் தூக்கப் போனார். இழுக்காதீர்கள் என்று தடுத்தேன். பிசியோதெரபி அறைக்கு ஆள் அனுப்பினேன். இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, தானாக வரும். தானாக வராதது அடுத்தது. கஸ்தூரி அம்மா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"போன ஆஃப் பண்ணு மேடம். புள்ளத்தாச்சி அவ. தெரிய வேணாம்."

என்ன செய்வீர்கள்? எட்டு மாதக் கர்ப்பிணியை ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் பயமுறுத்தலாமா? கூடாது. போனை அணைத்தால்? வலி நிவாரணத் தைலம் ஒன்றைத் தடவிக்கொண்டு அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவார். அந்த வீட்டில் அவரை வேண்டாம் என்று தடுக்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் போனுக்குள் இருந்தாள். அதே நேரம், உடம்பு அவருடையது. சொல்ல வேண்டாம் என்கிறார். மீறுவதற்கு நான் யார்? கேழ்வரகு எழுதிக்கொடுப்பவள்.

நான் போனை வாங்கி, நித்யாவுக்குப் படமும் பேச்சும் எட்டாதபடி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் சொல்ல மாட்டேன்மா. ஆனா ஒண்ணும் இல்லன்னு பொய்யும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. உங்க வாயால கேட்டா அவ பயப்பட மாட்டா. வேற யார் சொன்னாலும் பயப்படுவா."

கஸ்தூரி அம்மா என் நெஞ்சோடு இருந்த போனைப் பார்த்தார். பிறகு போனுக்காகக் கையை நீட்டினார்.

"ஒண்ணுமில்ல கண்ணு. முதுகு புடிச்சிக்கிச்சு. ரெண்டு வாரமா கீது. உன்னாண்ட சொன்னா வரவேணாம்னுவேன்னு சொல்லல."

இதை அவர் சொன்னது தன் விருப்பத்திலா, என் நெருக்குதலிலா என்று நான் இப்போதும் யோசிப்பதுண்டு. விடை கிடைத்தால் எழுதுகிறேன், காத்திருக்க வேண்டாம்.

எக்ஸ்ரேவில் ஒரு முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. பெரிய டாக்டர் அறுவை அரங்கத் தொப்பியோடு வந்து பார்த்தார். ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்துவிட்டு ஊசியைப் போட்டார். முதுகுக்கு பெல்ட், கால்சியமும் டி வைட்டமினும் ஒருநாளும் விடாமல், குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றார். போகும்போது என்னிடம், "கால்ல போட்டுக் குளிப்பாட்டறதைப் பத்திக் கேக்கணும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அவர் மொழியில் அது பாராட்டு என்று நர்ஸ் சொன்னார். திட்டு இல்லை என்று நம்ப எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் தேவைப்பட்டது.

எலும்பு நசுங்கியதைக் கேட்டு அசராத கஸ்தூரி அம்மா, குனியக் கூடாது என்றதும் உடைந்துபோனார். பயணமே வேண்டாம் என்றார்.

"அப்ப நான் எதுக்கு அங்க போவணும்? சேர்ல குந்திகினு பாத்துகினு இருக்கறதுக்கா?"

நித்யா சமாதானமாகச் சொல்வதாக நினைத்து, அங்கே ஆஸ்பத்திரியில் ஸ்பாஞ்சால் துடைத்தாலே போதும் என்கிறார்கள் என்றாள்.

"தொடைக்கறதா? பாப்பா இன்னா பைக்கா?"

மருத்துவம் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாத இடம் அது. ஊசி போட்டாயிற்று, பெல்ட் கட்டியாயிற்று. ஆனால் அங்கே போனதும் குழந்தை அழும், யாரும் பார்க்காத நேரத்தில் இவர் காலை நீட்டி உட்காருவார். அறையில் நீட்டக்கூடிய கால்கள் வேறு யாருக்கு இருக்கின்றன என்று பார்த்தேன். ஏழுமலைக்கு இருந்தன.

ஐயா, நீங்கள் தரையில் உட்காருவீர்களா என்று கேட்டதும் அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார். கஸ்தூரி அம்மா வலியோடு சிரித்தார்.

"இவரா? டம்ளர் கழுவ குடுத்தாவே கீய போட்டு ஒடைப்பாரு."

அதுதான் வேலை செய்தது. என் ஆலோசனைக்கு அசையாதவர் மனைவியின் சிரிப்புக்கு அசைந்தார்.

"எண்ண தடவுன இரும்ப காலம்பூரா புடிச்ச கை மே இது. ஒரு நாளு வழுக்கியிருக்கா? கேட்டுப் பாரு கம்பெனில."

அவருடைய முதுகையும் முட்டியையும் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே விட்டேன்; ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றை ஒடித்தால் யார் பதில் சொல்வது? நம் பிசியோதெரபி அறையில் அரிசியைத் துண்டில் சுற்றி, எண்ணெய் தடவி, முதல் பாடம் நடந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தபடி கஸ்தூரி அம்மா நாற்காலியிலிருந்து நடத்தினார். பிறகு பாடியில் தினமும். உணவு ஆலோசகர் தன் எல்லையை மீறிவிட்டதாக மேலாளர் வருத்தப்பட்டார். எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதற்கும் ஒரு தாள் அச்சடிப்பதாகச் சொன்னார்.

குழந்தை பிறந்து சில வாரம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, இருவரும் டாலஸ் போனார்கள். அடுத்த ஊசி நாளுக்கு முன்னால் திரும்பினார்கள். ஊசியைப் பார்த்துத்தான் திரும்பும் டிக்கெட்டே போட்டதாக ஏழுமலை என்னிடம் சொன்னார்.

ஊசி போட வந்த அன்று என் அறையில் உட்கார்ந்து வீடியோ காட்டினார்கள். குளியல் தொட்டிக்குள் ஏழுமலை லுங்கியோடு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். காலில் பேத்தி. தொட்டிக்கு வெளியே கஸ்தூரி அம்மா நாற்காலியில். அவர் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. தலையைப் பிடி, தலையைப் பிடி என்று விடாமல் அதட்டுகிறது. ஒரே ஒருமுறை கை மட்டும் படத்துக்குள் வந்து, குழந்தையின் நெற்றி ஈரத்தை ஒற்றிவிட்டுப் போகிறது.

ஏழுமலை மருந்து வாங்கப் போனதும் கஸ்தூரி அம்மா சொன்னார். "காலு ரெண்டும் துடிக்கும் மேடம். நீட்டு நீட்டுன்னும். புடவைய இறுக்கிப் புடிச்சிகினு குந்தியிருப்பேன்." எழுந்து சுவர்க்கோலின் பக்கம் போய்க்கொண்டே, "அவரு நல்லாதான் குளிக்க வெக்கறாரு. அத்த நான் அவராண்ட சொல்லல."

உயரத்தை அளந்தேன். மேலும் குறையவில்லை. கூடவும் இல்லை. நசுங்கிய எலும்பு நிமிராது. எந்தக் கேழ்வரகும் அதைச் செய்யாது. புடவையை இப்போது இரண்டு விரற்கடை ஏற்றிக் கட்டிக்கொள்கிறார். அடுத்த எலும்பு நசுங்காமல் இருப்பதுதான் நம் வெற்றி. அதற்கு யாரும் கேக் வெட்ட மாட்டார்கள்.

ஆகவே, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். கூடவே, வீட்டில் எதற்கெல்லாம் குனிகிறீர்கள், யாரைத் தூக்குகிறீர்கள் என்றும் கேளுங்கள். ஊசி, மாத்திரையின் அடுத்த தேதியை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். காலண்டரை வேறு ஆணியில் மாட்டுங்கள்.

என் பிரசவத்துக்காக அம்மா போன வாரம் கரூரிலிருந்து வந்துவிட்டார். பையைக் கீழே வைப்பதற்கு முன் சமையலறைச் சுவரில் நிறுத்தி அளந்தேன். பெற்ற தாயை அளவெடுக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுத்தாயிற்று. மோசமில்லை, ஆனால் பெருமைப்படும்படியும் இல்லை. டாக்டர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். இந்த முறை குளியல் அம்மாவின் காலில் இல்லை.

என் கணவர் சாஃப்ட்வேர்காரர். யூடியூப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்த்தார். இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அரிசி சுற்றிய துண்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். லேத் ஓட்டிய கை இல்லை. சற்று முன் துண்டு நழுவி, முடிச்சு அவிழ்ந்து, கூடம் முழுக்க அரிசி. அம்மா பொறுக்குவதற்குக் குனியப் போனார். நானும் கணவரும் ஒரே குரலில் கத்தியதில் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

கணவரே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பொறுக்கட்டும். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.